சீதாலெட்சுமி குடிக்காத தண்ணி

தலவாக்கலை கடைவீதியில குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுதே, அது தம்பையா அண்ணாச்சி கொண்டாந்தது. அரிசிக்கடை வச்சிருந்த மனுஷன். கையில நாலு காசு சேர்ந்தா எவனும் வீடு கட்டுவான், ஊருல நெலம் வாங்குவான். இவரு தண்ணியில கொண்டுபோய்ப் போட்டாரு. எங்க வீட்டுக்காரர் துணிக்கடை அவர் கடைக்கு ஒட்டினாப்பல இருந்துச்சு, எல்லாம் நான் கண்ணால பாத்தது.

முப்பத்திரெண்டாம் வருஷம்னு நெனைக்கிறேன். கடைக்காரங்களைப் பங்கு சேத்து, மலை ஓடையிலருந்து இரும்புக் குழாய் போட அலைஞ்சாரு. ஓடை தேயிலைத் தோட்டத்துக்குள்ள. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை பங்களா வாசல்ல மழையில நின்னு சம்மதம் வாங்கினாரு. லயத்து வரிசை வீடுகள்ல இருக்குற தோட்டக் கூலி ஆளுங்களுக்கும் அதே குழாய்தான்னு இவரா ஒண்ணு சொல்லிவச்சாரு. அந்த ஜனங்க தொட்ட குழாயில நாங்க புடிக்கணுமான்னு பாதிப் பேரு விலகிட்டாங்க. இவரு மசியல. கடையை அடகு வச்சு வேலைய முடிச்சாரு. தண்ணிக் கமிட்டிக்குத் தலைவராவும் ஆனாரு.

ஆனா அவர் சம்சாரம் சீதாலெட்சுமி அதுல ஒரு சொட்டுக் குடிக்கல. ஆசாரமான வீட்டுல பொறந்தவ. கண்டவங்க கை வைக்கிற தண்ணி எனக்கு வேணாம்னுட்டா. மலைச்சரிவுல ஒரு பீலி, மூங்கில் வழியா ஊத்துத் தண்ணி விழும். தெனம் குடத்தோட அங்கதான் போவா. முத்தத்துலயே குழாயை வச்சுக்கிட்டு தலைவர் பொண்டாட்டி இப்படிப் போனா ஊர் வாய் சும்மா இருக்குமா? கமிட்டியில அதைச் சொல்லியே அவரைக் குத்தினாங்க. அவரு வீட்டுல ஒரு நாளும் சத்தம் போட்டதில்ல. கெஞ்சுவாரு, அவ்வளவுதான்.

பொறவு பீலிக்கு மேல புதுசா லயம் கட்டினாங்க. கக்கூஸ் அழுக்கு ஊத்துல எறங்குது, குடிக்காதீங்கன்னு தோட்டத்து மருந்துக்காரர் சொன்னாரு. நானும் போய்த் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பிடிவாதக்காரி, கேக்கலயே! அந்த மழைக்காலத்துலயே நெருப்புக் காய்ச்சல், அதான் டைபாய்டு, வந்து படுத்துட்டா.

படுக்கையிலயும் அதே பிடிவாதம். நான்தான் பீலித் தண்ணி கொண்டாந்து காய்ச்சிக் குடுத்தேன். கடைசி நாள் அது தீந்து போச்சு. அவ தண்ணி கேட்டா. அண்ணாச்சி டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோனாரு.

"பீலித் தண்ணியாங்க?"

ஆமான்னு சொல்லித் தொலைங்கன்னு நான் பின்னால நின்னு ஜாடை காட்டுறேன்.

"இல்லம்மா. நம்ம குழாய்த் தண்ணி."

அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அவரு குடத்தைத் தூக்கிக்கிட்டு மழையில பீலிக்கு ஓடினாரு. தண்ணிக் கமிட்டித் தலைவர் ஓடுறதைக் கடைவீதியே பாத்துச்சு. திரும்பி வந்தப்போ அவ போயிட்டா.

அவளைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கணும்னு பொம்பளைங்க கெளம்பினாங்க. பீலிக்குப் போறதா, குழாய்க்குப் போறதான்னு அவர்கிட்டயே கேட்டாங்க. அவரு அந்தக் குடத்தை இன்னும் எறக்கி வைக்கல. இது அவளுக்குன்னு கொண்டாந்தது, இதையே ஊத்துங்கன்னாரு.

காரியம் முடிஞ்ச அன்னைக்கு எனக்கு ஆத்திரம் தாங்காம கேட்டுட்டேன். ஒரு பொய் சொல்லியிருந்தா நாக்காவது நனைஞ்சு போயிருப்பாளே அண்ணாச்சி, ஏன் சொல்லலன்னு.

"என்னை நம்பிக் குடிங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான், தங்கச்சி. அவளுக்கு மட்டும் ஏமாத்தியா குடுப்பேன்?"

அப்படிச் சொல்லிட்டு எழுந்து, கை கழுவ முத்தத்துக்குப் போனாரு. குழாயைப் புடிச்சாரு, திறக்கல. அதுகிட்டயே உக்காந்து அழுதாரு.