வெள்ளம் உள்ளே போகிறது

எங்கள் ஊர்ப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். படித்து வெளியே போனதும் நான் முதலில் தொலைத்த சொல் அதுதான்.

வளைகுடாவில், பாலைவனத்து மின்நிலையம் ஒன்றில் இன்ஜினியராக இருந்தேன். யாராவது ஊரைக் கேட்டால் பூதப்பாண்டி என்று சொல்ல மாட்டேன். திருநெல்வேலி பக்கம் என்பேன். பேச்சைக் கேலி செய்வார்கள் என்ற பயம்.

வெயில் ஏறினால் காற்று லேசாகும். அதை இழுத்து ஓடும் கேஸ் டர்பைன் மின்சாரத்தைக் குறைத்துவிடும். அதனால் காற்று நுழையும் இடத்தில் தட்டிகளை அடுக்கி, மேலிருந்து தண்ணீரை வழியவிடுவோம். ஈரத் தட்டிக்குள் புகுந்து வரும் காற்று குளிர்ந்துவிடும். ஆனால் குளிர்ச்சிதான் உள்ளே போகலாம், தண்ணீர் போகக் கூடாது.

அந்தத் தட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குழித்துறைக்காரர் ஒருவர். ஒரு நண்பகலில் வாக்கிடாக்கியில் என்னை அழைத்தார்.

“சாரே, ஒரு தட்டி இளகிப் போச்சு. வெள்ளம் உள்ள போவுது சாரே!”

கட்டுப்பாட்டு அறையில் என்னுடன் இருந்த சென்னைக்காரர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “பாலைவனத்துல வெள்ளமாம்! படகு அனுப்பலாமா?”

எனக்குப் புரிந்தது. தட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, நானும் சிரித்தேன். “ஒழுங்கா தமிழ்ல சொல்லும்யா” என்றேன்.

அவர் வால்வை மூட ஓடியிருக்கிறார். அதற்குள் அதிர்வு ஏறி டர்பைன் நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே சுழலும் முன்வரிசைத் தகடுகள் தண்ணீர் அடித்துச் சிதைந்திருந்தன.

‘தகவல் தெளிவாகத் தரப்படவில்லை’ என்று அறிக்கை எழுதியவன் நான். அவரை ஊருக்கு அனுப்பினார்கள்.

ஓய்வு பெற்றுப் பல வருடம் தள்ளிப்போட்டு, போன மாதம்தான் குழித்துறைச் சந்தையில் அவருடைய வாழைக்குலைக் கடையைத் தேடிப் போனேன். புரிந்தும் சிரித்ததைச் சொன்னேன். அறிக்கையைப் பற்றியும் சொன்னேன். அவர் குலையிலிருந்து சீப்பு வெட்டுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் சாரே. ஒருநாள் நீங்க அம்மைட்ட போன்ல பேசினத கேட்டேன். நம்ம ஊர்க்காரர்னு தெரிஞ்சுதான், மத்தவங்கள விட்டுட்டு உங்கள விளிச்சேன்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு நாக்கு வறண்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்கவும் வாய் வரவில்லை.