எறும்பு தட்டியதும் மரத்தைக் கும்பிட்டதும்

தவசி பனையேறி. சாயல்குடிப் பக்கத்திலிருந்து மனைவி வெள்ளையம்மாளோடு திருப்பூருக்கு வந்து, அங்கே நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் துணிக்கு நீராவி கொடுக்கும் மெஷின் முன்னால் நிற்கிறார். சூடும் பஞ்சுத் தூசியும் நெஞ்சில் இறங்கிவிட்டன. இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவது இருமல். வேலையை மாற்றச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போன பொங்கலுக்கு எங்கள் தென்னை விவசாயிகள் சங்கம் வெள்ளகோவில் தோப்பில் மரமேறும் போட்டி வைத்தது. குறைந்த நேரத்தில் ஏறி இறங்குபவருக்குச் சங்கத்தில் பயிற்சியாளர் வேலை. அதற்காகத்தான் தவசி பெயர் கொடுத்தார். காலில் மாட்டும் தளையைப் பனை நார் கிடைக்காமல் வேஸ்ட் பனியன் துணியைத் திரித்து அவரே செய்திருந்தார்.

நான் மில்லில் டைம் கீப்பராக இருந்தவன். நேரம் எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதை எழுதிப் படித்துக் காட்டுங்கள் என்று முந்தின நாளே நடுவர் செங்கோட்டையனிடம் கேட்டேன்.

"மரம் ஏறறதுக்கெல்லாம் சட்டப் புத்தகமுங்களா?" என்று சிரித்தார்.

எல்லோருக்கும் ஒரே மரம். உள்ளூர் குணா முதல் ஆளாக ஏற வந்தான். அடிமரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறினான். பிறகு தவசி. மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், குனிந்து தளையை மாட்டினார், ஏறினார். ஏறிய வேகம் குணாவைவிட அதிகம். உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணியோடு அவர் இறங்கியபோது வெள்ளையம்மாள் அழுதேவிட்டார்.

ஆனால் மைக்கில் குணாவின் பெயர்தான் வந்தது.

நான் மேடைக்குப் போனேன். "தவசி நேரத்தை எப்பத் தொடங்குனீங்க?"

"மரத்துல கை பட்டதும் பட்டனை அமுத்தறதுதானுங்க."

"அவர் கும்பிட்டாருங்க. அப்புறம்தான் தளையே மாட்டுனாரு."

"கை பட்டுதுங்களா, இல்லீங்களா?"

"குணா கையும் பட்டுது. ரெண்டு தடவை. அப்ப ஏன் அமுத்தலை?"

"அது எறும்பு தட்டுனதுங்க. எறும்பைத் தட்டாம எப்படி ஏறறது?"

கூட்டத்தில் சிரிப்பு. "எறும்புக்கு ஒரு கடிகாரம், சாமிக்கு ஒரு கடிகாரமா?" என்று யாரோ கத்தினார்கள். செங்கோட்டையனுக்கு முகம் சிவந்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தவசியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நீங்களும் எறும்புதானுங்களே தட்டுனீங்க? ஆமான்னு சொல்லிப்போடுங்க. நேரத்தைத் திருத்திப்போடறேன்."

ஒரே ஒரு 'ஆமாம்'. அதற்கு அந்தப் பக்கம் திறந்த வெளி, தென்னங்காற்று, நல்ல மூச்சு.

வெள்ளையம்மாள் பின்னாலிருந்து, "ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்!" என்றார்.

தவசி இருமி முடித்தார். "எறும்பு இல்லைய்யா. கும்பிட்டேன்."

"அட, சும்மா சொல்லுங்க சாமி!"

"மரத்தைக் கும்பிட்டுட்டு, கும்பிடலைன்னு அது முன்னாடியே எப்படிய்யா சொல்றது?"

செங்கோட்டையன் தோளைக் குலுக்கினார். "பார்த்துக்கிட்டீங்களா? அவரே ஒத்துக்கிட்டாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாலையைக் குணாவுக்குப் போட்டார்.

அதன் பிறகு சங்கத்துக்கு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. நேரில் போனால், "அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த ஆண்டு நோட்டீஸில் ஒரு புது வரி சேர்த்திருக்கிறார்கள்: 'எறும்பு தட்டுவது நேரக் கணக்கில் சேராது.' நெருப்பெரிச்சலுக்கு எடுத்துப்போய் தவசிக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கத் தொடங்கி, இருமலில் மாட்டிக்கொண்டார்.

"கும்பிடுறதைப் பத்திப் போட்டிருக்காய்ங்களாய்யா?"

"போடலை."

உள்ளே மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டார். தவசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நீராவிக்குள் போனார்.