காப்ரியல் மாட்டிய மருந்தலமாரி

காப்ரியல் பாளையங்கோட்டையில் தமிழும் ஆங்கிலமும் படித்து, அங்கேயே மருத்துவமனை வேலையும் பழகிக்கொண்டு கப்பலேறி வந்தவர். மலாயாவில் கோலா சிலாங்கூருக்கு உட்புறமாக இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர்தான் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி என்று எது வந்தாலும் ஜனங்கள் அவரிடம்தான் ஓடிவருவார்கள். அவரோ பயந்த மனிதர். துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்ததும் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. வேலிக்குள் புது மருந்தகமும் கட்டினார்கள். பழையதற்குப் பலகைச் சுவர். எங்கே ஆணி அடித்தாலும் பிடிக்கும். புதியதில் மரச்சட்டங்களை இடைவிட்டு நிறுத்தி, அவற்றின் மேல் பிளாஸ்டர் அட்டையை அறைந்திருந்தார்கள். இரண்டு தாளுக்கு நடுவே சுண்ணத்தை இறுக்கிய அட்டை அது. வெள்ளையடித்த பிறகு பார்த்தால் கல்சுவரேதான்.

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு மருந்து போய்விடக் கூடாதல்லவா? எல்லா மருந்தையும் பூட்டுப்போட்ட அலமாரியில் வைத்துச் சுவரில் உயரமாக மாட்டும்படி துரை உத்தரவிட்டார். மறுநாள் போலீஸ் அதிகாரி பார்வையிட வருகிறார். தச்சனோ வேலி வேலைக்குப் போயிருந்தான். காப்ரியல் தாமே சுத்தியலைத் தேடுவதைக் கண்ட வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தச்சன் வந்துரட்டும் டிரெசரையா. இது ஊசி போடற வேல இல்ல லா."

அந்தக் கேலி உறைத்தது. காப்ரியல் கதவைச் சாத்திக்கொண்டு தாமே மாட்டத் தொடங்கினார்.

நோயாளியின் நெஞ்சில் ஒரு விரலை வைத்து மறுவிரலால் தட்டிப் பார்ப்பது அவர் கைப்பழக்கம். கணகணவென்று கேட்டால் நுரையீரல் நல்லபடி இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் உள்ளே நீர் கட்டியிருக்கிறது. சுவரையும் அப்படியே தட்டினார். சில இடங்கள் மந்தமாக ஒலித்தன. மழைநீர் இறங்கி ஊறிப்போன இடங்கள் என்று முடிவுகட்டி, அவற்றை விட்டு விலகி, கணகணத்த இடத்தில் திருகாணிகளை முடுக்கினார். அவை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. தம் கைக்கு இப்படியொரு திறமையா என்று அவருக்கே வியப்பு. அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மருந்து லோரி வந்தது. அலமாரி நிறைந்தது. அன்று மத்தியானமே அது சுவரைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

அப்போது உள்ளே இருந்தவள் கங்கா மட்டும்தான். மருந்தகத்தைக் கூட்டிக் கழுவி, ஊசிக்கு அழும் பிள்ளைகளைப் பிடித்துக்கொடுப்பவள். அவள் தம்பி காட்டுக்குள் போய்விட்டவன் என்பது தோட்டத்துக்கே தெரியும். காப்ரியல் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தபோது துரையும் காவலர்களும் வந்துவிட்டிருந்தார்கள். கதவு பிளந்து கிடந்த அலமாரி, ஈரத்தரையில் மாத்திரைகள், கையில் துடைப்பத்தோடு கங்கா. மருந்தெடுக்க அலமாரியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள் என்றார் துரை. பிறகு காப்ரியலிடம் ஆங்கிலத்தில் கேட்டார், உறுதியாக மாட்டினாயா என்று.

காப்ரியல் சுவரைப் பார்த்தார். அட்டை பெயர்ந்திருந்த ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. ஒரு சாண் தள்ளி, அவர் ஊறிப்போனது என்று ஒதுக்கிய இடத்தில், கிழிந்த தாளுக்கு அடியில் நல்ல மரச்சட்டம் தெரிந்தது. மனிதனின் நெஞ்சில் கூடாத சத்தம்தான் சுவரில் வேண்டிய சத்தம். அந்த நொடியே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொன்னால் வேலை போகும். மருந்தை வேண்டுமென்றே விழவிட்டாய் என்று தம்மையே பிடித்து ஊருக்குக் கப்பலேற்றினாலும் ஏற்றுவார்கள். கங்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உறுதியாகத்தான் மாட்டினேன் என்றார் ஆங்கிலத்தில்.

கங்காவை வாசற்கேட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே போகும் பெண்கள் அரிசி ஒளித்திருக்கிறார்களா என்று தினமும் சோதிக்கும் இடம் அது. தினமும் தட்டி மறைவில் நடக்கும் சோதனை அன்று திறந்தவெளியில் நடந்தது. ரப்பர்ப்பால் வாளியோடு திரும்பிய ஆண்களும் நின்று பார்க்க, சோதனைக்காரி அவள் கொண்டையை அவிழ்த்தாள், முந்தானையை உதறினாள். மாத்திரை எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் விடவில்லை, டவுனிலிருந்து போலீஸ் லோரி வரட்டும் என்றார்கள். லோரியில் ஏறியவர்கள் விசாரணை என்று போய், எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம்.

காப்ரியல் மருந்தகத்தில் முழங்காலிட்டுக் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திருகாணி ஒன்று அகப்பட்டது. மரையில் மரத்தூள் துளியும் இல்லை, வெறும் சுண்ணம். செபம் சொல்லப் பார்த்தார். லோரியின் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினார்.

துரையிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"நான்தான் தப்பா மாட்டினேன். கட்டை இல்லாத இடத்துல திருகிட்டேன். அவ தொடவே இல்ல."

திருகாணியை நீட்டினார். துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காவலர்களின் முன்னால் காப்ரியலை முட்டாள் என்று திட்டிவிட்டு, கங்காவைப் போகச் சொன்னார். அவ்வளவுதான். காப்ரியல் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை.

கங்கா முடியை அள்ளி முடிந்துகொண்டாள். காப்ரியல் அருகே போய், மன்னித்துவிடம்மா என்றார்.

"மத்தியானமே ஒங்களுக்குத் தெரியும்ல ஐயா," என்றாள் அவள். "ஒங்க மொகத்துலயே பாத்தேன். சொல்லிருவீங்கன்னுதான் நானும் வாயத் தொறக்காம நின்னேன்."

அவள் மருந்தகத்துக்குத் திரும்பவில்லை. சன்னாசியிடம் கேட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலைக்குப் போய்விட்டாள். காப்ரியல் இன்னும் பல வருஷம் அந்தத் தோட்டத்திலேயே இருந்தார். ஒருமுறை உளி கிழித்த கையோடு கங்கா வந்தாள். கையை நீட்டினாள். அவர் தையல் போட்டு முடிக்கும்வரை முகத்தைத் திருப்பியே வைத்திருந்தாள். வலிக்கிறதா என்று எல்லாரிடமும் கேட்பவருக்கு அன்று அதைக் கேட்கக்கூட வாய் எழவில்லை.