ஆறு மணித்தியாலம் என்று அச்சடித்த தாள்

லண்டன் வெம்பிளியில் இருக்கும் கிளறிற்றாவுக்கு, நீதிமன்றத்தில் பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்வதுதான் தொழில். அதற்கான பதிவைப் புதுப்பிக்க வருடந்தோறும் ஆறு மணித்தியாலப் பயிற்சி எடுத்து, சான்றிதழைப் படிவத்தோடு பதிவு அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. இந்த முறை நாற்பது நிமிடத்திலேயே பயிற்றுநர் எல்லாருக்கும் சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தாளில் ஆறு மணித்தியாலம் என்றே அச்சாகியிருந்தது.

“வா பிள்ளை, வெள்ளனத் தப்பியிட்டம்,” என்றார் கூட வேலை செய்யும் பெனடிக்ற்.

“இதை எப்பிடி அண்ணை அனுப்பிறது?”

“எல்லாரும் அனுப்புகினம்தானே. நீ என்ன, பாப்பரசரோ?”

சாட்சி சொல்லாத ஒரு சொல்லைக் கிளறிற்றா இதுவரை சேர்த்ததில்லை. அந்தத் தாளைக் கைப்பைக்குள் வைக்கவே அருவருத்தது. அங்கேயே மேசையில் விட்டுவிட்டு வந்தாள். படிவத்தில் நாற்பது நிமிடம் என்று எழுதி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நேரம் போதாதாம், பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பெனடிக்ற் வழமைபோல வேலைக்குப் போனார். கிளறிற்றா கையிலிருந்த செபமாலையை மேசையில் வைத்துவிட்டு, வேறொரு வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போன் எடுத்தாள். வகுப்பை முழுநேரமும் நடத்துவீர்களா என்றுதான் முதலில் கேட்டாள்.