உம்மாவுக்கு வாய் காய்கிறது

நோயாளிக்குத் துணைக்குப் போவது ஒரு முழுநேர உத்தியோகம் என்பது அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம்பர்த் துண்டு எடுக்க வேண்டும், வாங்கில் உட்கார இடம் பிடிக்க வேண்டும், டொக்டருக்கு முன்னால் நோயாளி மறந்து போவதையெல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அநியாயம் நடந்தது உம்மாவுக்கு. அவருக்கு வாய் காய்ந்தது, கண் காய்ந்தது, ஒருவரும் நம்பவில்லை. நம்பாமல் விட்டாலும் பரவாயில்லை, கடைசியில் அவரைக் கல் நெஞ்சுக்காரி என்றும் சொன்னார்கள். நான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கிறவள். விவாதம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் கல்முனைப் பக்கத்தில் ஒரு பெண் "எனக்கு வாய் காயுது" என்று சொல்லி அதை நிரூபிப்பது போல ஒரு கஷ்டமான விவாதத்தை எந்த மேடையிலும் நான் கண்டதில்லை.

வெயில்

முதலில் போனது பக்கத்து டிஸ்பென்சரிக்கு. தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் பாண்கூட இறங்குவதில்லை, நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது, காலையில் விரல் மூட்டெல்லாம் நோகிறது என்று உம்மா ஒழுங்காகத்தான் சொன்னார். டொக்டர் எழுதிக்கொண்டே, "இந்த வெயிலுக்கு எல்லாருக்கும் வாய் காயும், தண்ணி குடிங்க" என்றார்.

நான் விடுவேனா? "எனக்கும் அதே வெயில்தானே டொக்டர்? ஒரே வீடு, ஒரே கிணறு. எனக்கு ஏன் காயல்ல?" என்று கேட்டேன். வெயில் காரணமாக இருக்க முடியாது என்பதை அங்கேயே நிறுவிக் காட்டினேன். அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். உம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு கதைச்சும் உங்களுக்குக் காயல்லயே மகள், அதுதான் எனக்கும் ஆச்சரியமா இரிக்கி."

சீனி

அடுத்ததாக ஊரே சேர்ந்து சீனி வருத்தம் என்று முடிவு செய்தது. தண்ணீர் அடிக்கடி குடிக்கிறார், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வேறென்ன? வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தோம். சீனி இல்லை என்று வந்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. வாப்பாவின் முகம் வாடிவிட்டது. சீனி என்றால் ஒரு குளிசையோடு காரியம் முடிந்திருக்கும் என்று அவர் கணக்கு.

வேறோர் இடத்தில் திரும்பச் செய்து பார்த்தோம். அங்கேயும் இல்லை. முடிவைக் கொண்டுவந்து தந்த மனிதர் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்து இரக்கப்பட்டார்.

"யோசிக்காதீங்க, இன்னும் வயசு கிடக்குதானே, வந்திரும்."

பழுதான மிசின்

பிறகு பல் போகத் தொடங்கியது. பல்முரசு, அதாவது ஈறு ஓரமாக ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டு வந்தது. தேத்தண்ணிக்கே சீனி போடாத உம்மாவிடம் பல் டொக்டர், "ராத்தா, டொபி கிபி தின்றீங்களோ?" என்று கேட்டார். வெற்றிலையும் இல்லை, டொபியும் இல்லை, வாயில் உமிழ்நீர்தான் இல்லை என்று நான் சொன்னேன். "அப்பிடியெல்லாம் இல்லாமப் போகாது" என்றார்.

சொல்லிக்கொண்டே, எச்சில் உறிஞ்சும் குழாயை உம்மாவின் வாய்க்குள் வைத்தார். உறிஞ்ச அங்கே என்ன இருக்கிறது? குழாய் நாக்கில் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. எடுத்து, தட்டி, திரும்ப வைத்தார். திரும்பவும் ஒட்டியது. நான் இத்தனை நாளாகத் தேடின அத்தாட்சி அவர் கைக்குள்ளேயே இருந்தது. அவர் தாதியிடம் திரும்பி அலுத்துக்கொண்டார்.

"இந்த மிசினும் பழுதாப் போச்சி, ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க."

சஹன்

சாய்ந்தமருதில் ஒரு கலியாணம். எங்கள் பக்கத்தில் விருந்துச் சோறு சஹனில்தான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் இருந்து ஒன்றாகக் கை வைப்போம். அதில் ஒருவர் பின்தங்கினால் மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். உம்மா ஒரு பிடி எடுப்பார், ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார், அடுத்த பிடிக்குள் மற்றவர்கள் இறைச்சிக்கு வந்துவிடுவார்கள். மெல்லிய நெய்ச்சோறுதான், உம்மாவின் தொண்டையில் அது மணல் மாதிரி நின்றது.

வீட்டுக்காரப் பெண் கோழிப் பொரியலோடு வந்தவர், உம்மாவின் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துவிட்டார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன்; உம்மா தொடையில் கிள்ளினார்.

"நம்மட ஊட்டுச் சோறு உங்களுக்குத் தண்ணி ஊத்தித்தான் இறங்குது போல!"

ஓதின தண்ணீர்

கண்ணூறு என்று பக்கத்து வீட்டு ராத்தா உறுதியாகச் சொல்லி, எங்களைப் பள்ளிவாசல் ஹஸரத்திடம் அனுப்பினார். நான் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன். அவர் உம்மா சொன்னதை முழுதாகக் கேட்டார். அதுவரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். போத்தலில் ஓதி ஊதித் தந்தார். உம்மா அங்கேயே குடித்து, "நல்லா இரிக்கி" என்றார். இருக்காதா? தண்ணீர்தானே! இதைச் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஓதித் தந்திரிக்கன் மகள், எண்டாலும் டொக்டர்மார உட்டுராதீங்க. கண்ணும் காயுது எண்டா, கண் டொக்டர் ஒராளுக்கும் காட்டுங்க."

சண்டை பிடிக்கப் போன இடத்தில் சண்டை கிடைக்காதது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மையத்து வீடு

கண்ணுக்குக் காட்ட முந்தி, உம்மாவின் மூத்த சகோதரர், எங்கள் பேச்சில் காக்கா, மவுத்தாகிவிட்டார். உம்மாவுக்கு ஒரே காக்கா. கடலுக்குப் போய் வந்தால் நல்ல மீன் முதலில் எங்கள் குசினிக்குத்தான் வரும். அதை ஆய்ந்து முடியும் வரைக்கும் அவர் வாசலில் நின்று உம்மாவைப் பகிடி பண்ணுவார்.

மையத்து வீட்டில் பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். உம்மா தலைமாட்டில் இருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன, ஒரு துளி இல்லை. யாசீன் ஓத ஓத நாக்கு ஒட்டியது. ஓதுகிறதை நிறுத்த மனமில்லாமல் போத்தலைத் திறந்து ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். மாமி, அதாவது மவுத்தானவரின் மனைவி, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"கூடப் பொறந்தவன் மையத்தாக் கிடக்கான், இவ தண்ணி குடிச்சிக்கிட்டு இரிக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல. கல்லு கா இவ, கல்லு!"

மாமி, கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கிற இத்தாவில் இருந்த காலத்தில் உம்மா சோறு கொண்டுபோனார். மாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு உம்மா போகவில்லை. வாய் காய்வதைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கடதாசித் துண்டு

இழுக்காத குறையாக உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். ஒரு சிங்கள டொக்டர், இளம் பெண், தமிழைத் தேடித் தேடிப் பேசினார். "அம்மா, அழுறபோது கண்ணீர் வாறதா?" என்றார். இத்தனை டொக்டர்மாரில் ஒருவரும் கேட்காத கேள்வி. உம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "என்ட காக்கா மவுத்தாகியும் வரல்ல மகள்" என்றார்.

டொக்டர் ஒரு மெல்லிய கடதாசித் துண்டைக் கீழ் இமைக்குள் மாட்டிவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். கண்ணீர் சுரந்தால் கடதாசி நனைந்துகொண்டு வர வேண்டும். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் பேருக்கு ஓர் ஈரம். பிறகு இரத்தப் பரிசோதனை, உள் உதட்டில் கடுகளவு சதை எடுத்துப் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு வாத டொக்டர். ஷோகிரன் என்று ஒரு வருத்தம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உமிழ்நீரும் கண்ணீரும் சுரக்கிற இடங்களையே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். முற்றாக மாற்ற மருந்து இல்லை. அடக்கி வைக்கலாம், கண்ணுக்குத் துளி விடலாம், பல்லைக் காப்பாற்றலாம்.

நான் அழுதுவிட்டேன். எனக்கு வருகிறதே! உம்மா மட்டும் சிரித்தார்.

"அப்ப நான் பொய் சொல்லல்ல, என்ன மகள்?"

மாமியின் கேள்வி

மாமி வீட்டுக்கு நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். உம்மா போத்தலோடு கதவோரம் இருந்தார். எதிர்ப்புச் சக்தி, சுரப்பி, கடதாசி, உதட்டுச் சதை என்று ஒன்றும் விடாமல் நான் எடுத்து வைத்தேன். முன்னுரை, ஆதாரம், மறுப்பு, முடிவு, எல்லாம் இருந்தது. ஜென்மத்தில் நான் செய்த சிறந்த விவாதம் அது. மாமி அதில் பாதிக்கு மேல் கேட்டாரா என்பது சந்தேகம். என்னைத் தாண்டி உம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்செடுக்க நிறுத்திய இடைவெளியில் கேட்டார்:

"அப்ப அண்டைக்கி நீங்க அழுதீங்களா மச்சி?"

இத்தனை காலம் இத்தனை பேரோடு மல்லுக்கட்டின நான் ஒரு பக்கம் கிடக்க, வழக்கை முடித்தது உம்மாதான். போத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஓம் மச்சி. அண்டைக்கித் தொடங்கின. இன்னும் முடியல்ல."