மேனேஜரை யாரும் பழக்கவில்லை

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர் அவர். நான் போய்ச் சேர்ந்தபோது பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. படுக்கையிலேயே உடம்பு துடைத்து, உடை மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதற்காகத்தான் வீட்டு நர்ஸாக என்னை வைத்தார்கள்.

முதல் நாள் கட்டிலருகே போனதும் போர்வைக்குள்ளிருந்து உறுமல் கேட்டது. விலக்கிப் பார்த்தால் ஒரு நாய். மூன்று கிலோ இருக்கும். காது இரண்டும் சேர்ந்தால் முகத்தைவிடப் பெரிது.

"மேனேஜர்" என்று அறிமுகம் செய்தார். வாய் லேசாகக் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாகவே இருந்தது. "தான் ஒரு வேலையும் செய்யாது. மத்தவங்க செய்றதுல மட்டும் குத்தம் சொல்லும்."

சிரித்துவிட்டேன். அன்றைக்கே சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

வேலையில் அவர் படு கறார். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு குழந்தையின் கையில் இடித்த பிறகுதான் திறக்கிறது என்று தெரிந்ததும், "தொடாமலே திறக்கணும்" என்று கரண்டை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டாராம். பத்து மாடி ஏறி இறங்கியவர்கள் இரண்டு நாள் அவரை வாயில் போட்டு மென்றார்கள். அவர் பாட்டுக்குக் கதவுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அப்படிப்பட்ட மனிதர், மனைவி இறந்த பிறகு மகள் கொண்டுவந்து விட்ட குட்டியிடம் மட்டும் பெட்டிப்பாம்பு.

குட்டி ஏறிய நாற்காலி அன்று முதல் குட்டியுடையது. தபால்காரரின் காலைக் கவ்வினால் ஒரு கையால் தூக்கி டூல் பைக்குள் போட்டுக்கொள்வார். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை படியேறி வந்து, "சார், உங்க நாய் கடிக்குது" என்றாராம்.

"அதோட வாய் எவ்வளவு? அதுல கடி எவ்வளவு?" என்று இவர் கேட்க, வந்தவரும் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பெரிய நாய் உறுமினால் வீட்டுக்காரரே பயந்துபோய் அதைப் பழக்க ஆள் தேடுவார். சின்னது உறுமினால் எல்லாருக்கும் வேடிக்கை. யாராவது தூக்கி அப்பால் வைத்துவிடுவார்கள். தூக்கித் தூக்கி வைக்கப்படும் நாய்க்கு, இறங்கு என்றால் என்ன என்றே கடைசிவரை தெரியாமல் போகிறது.

இதையெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நான் செய்தது என்ன? எனக்குத் தலைக்குமேல் வேலை இருந்தது. நின்று பேச நேரமில்லை. கட்டிலருகே போவேன், நாய் உறுமும், கதவுப் பக்கமாக ஒரு பிஸ்கட்டை வீசுவேன், அது குதித்து ஓடும், நான் அவரைப் புரட்டிவிடுவேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். கத்துகிற நோயாளிக்குக் கத்தும்போது கேட்டதைக் கொடுக்கக் கூடாது, அமைதியான பிறகு கொடு என்பது எங்களுக்குப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தந்த பாடம். மனிதர்களிடம் அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை. மூன்று கிலோ உருப்படியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. உறுமினால் பிஸ்கட் வரும் என்று இரண்டு வருடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே கற்றுக்கொண்டது.

இரண்டாம் வருடக் கடைசியில் அவருக்கு இன்னொரு தடவை பக்கவாதம் வந்தது. அதன்பிறகு புரட்டும்போது தன் பங்குக்கு ஒரு கையைக்கூட ஊன்ற முடியவில்லை. இரண்டு ஆள் வேண்டும். மகள் வெளியூரிலிருந்து வந்து பத்து முதியோர் இல்லங்களை விசாரித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். தரைத்தளத்தில் அறை, தோட்டத்துப் பக்கம் கதவு.

"நாயையும் சேத்துக்கறாங்களாம், அக்கா" என்றாள் என்னிடம். "ஒரே ஒரு கண்டிஷன். ஆளுங்க அப்பாவ தொட்டு வேலை செய்யும்போது அது இறங்கி ஓரமா இருக்கணும். நேர்ல வந்து பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம்."

"எப்ப வராங்க?"

"பத்து நாள்ல."

அவர் கூரையைப் பார்த்தபடி, "மேனேஜர் வரலைன்னா நானும் வரல" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அன்று மாலையே ஒரு பழைய பாயை நான்காக மடித்துக் கட்டிலுக்கு எதிரே போட்டேன். நாய் உறுமியது. நான் அசையாமல் நின்றேன். உறுமல் நிற்கும்வரை எதுவும் கிடையாது, நின்றால் பாயின் மேல் ஒரு துண்டு. இருபது நிமிடம் ஆனது. உறுமல் சிணுங்கலாக மாறியது. சரி, வழிக்கு வருகிறது என்று நினைத்த நேரத்தில், கொஞ்சம் அசைகிற கையால் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் வாயிலேயே வைத்தார் அவர்.

"சார்."

"பாவம், அது என்ன தப்பு பண்ணிச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல சார். நான்தான் பண்ணேன். ரெண்டு வருஷமா உறுமச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அதுல நான் உங்களுக்கு அஞ்சு வருஷம் சீனியர், சிஸ்டர்" என்றார். பிறகு தலையணைக்கடியில் இருந்த மிச்சத்தையும் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

எட்டாம் நாள், நாற்பது எண்ணும்வரை பாயில் இருந்தது. பத்தாம் நாள் நூறு. ஆனால் அதெல்லாம் என் ஒருத்தியின் கைக்கு.

இல்லத்துப் பொறுப்பாளர் இரண்டு பணியாளர்களோடு வந்தார். நாய் பாயில்தான் இருந்தது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருவரும் தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துத் தூக்கினார்கள். வலியில் அவர் முனகினார். எழுபதுகூட ஆகியிருக்காது, பாய்ந்து ஒரு பெண்ணின் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. இரண்டு பல் பதிந்து பொட்டுப் பொட்டாக ரத்தம்.

நான் மருந்து போட்டேன். "சின்ன நாய்தானே மேடம், பரவாயில்ல" என்றாள் அந்தப் பெண்.

"சின்னதுதான்" என்றார் பொறுப்பாளர். குரலில் கோபமே இல்லை. அவரிடம் திரும்பி, "ஐயா, எங்ககிட்ட இருபத்தெட்டு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் தோல் வெங்காயச் சருகு மாதிரி. இந்தப் பொண்ணுக்கு மூணு நாள்ல ஆறிடும். அவங்களுக்கு மூணு மாசம் ஆனாலும் ஆறாது" என்றார்.

மகள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் தடுத்தார். "விடும்மா. நானா இருந்தாலும் பூட்டுத்தான் போட்டிருப்பேன்."

ஆனாலும் போக மாட்டேன் என்றுதான் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் அவரைத் தனியாகப் புரட்டிவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டு நான் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மகளுக்கு போன் போடுங்க" என்றார்.

நாய் இல்லாமலே அவர் இல்லத்துக்குப் போனார். மகள் வீட்டில் நாய் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தப்பைச் செய்தவள் திருத்தட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தூக்குவதை நிறுத்தினேன். நாற்காலியில் ஏறும் முன் உட்கார வேண்டும், தட்டு வைக்கும் முன் காத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்து இழுக்கச் சொல்லி, என்னை முனகவிட்டுப் பழக்கினேன். பதினோரு வாரம். அதற்குமேல் ஒரு நாள்கூட ஆகவில்லை. ஏழு வருடம் சின்னதென்று விட்டது பதினோரு வாரத்தில் சரியாகிற விஷயமாகத்தான் இருந்திருக்கிறது.

பொறுப்பாளரை விடாமல் கேட்டு, இன்னொரு தடவை சோதிக்க வைத்தேன். நான்கு பணியாளர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நாய் அசையவில்லை. "இன்னிக்கே விட்டுட்டுப் போங்க" என்றார் பொறுப்பாளர்.

அவர் அறைக்குள் போனோம். மெலிந்திருந்தார். நாயைப் பார்த்ததும் முகம் விரிந்தது. கையை நீட்டி, "வா" என்றார். நாயின் வால் அடித்த அடியில் உடம்பே ஆடியது. ஆனால் அது அவரிடம் ஓடாமல் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையசைத்த பிறகுதான் கட்டிலில் ஏறியது.

அவர் அதைக் கவனித்துவிட்டார். அதன் காதைத் தடவிக்கொடுத்தார்.

"கூட்டிட்டுப் போயிடுங்க, சிஸ்டர்."

"பாஸ் பண்ணிடுச்சு சார். இங்கேயே இருக்கலாம்."

"இருக்கலாம். நீங்க போனதும் கதவையே பாத்துக்கிட்டு கிடக்கும். அந்த வேலைய பாக்க இந்த ரூம்ல ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கேன்."

"நாலு வாரத்துல உங்ககிட்ட திரும்பப் பழகிடும்."

"நாலு வாரமா? அதுக்கப்புறம் மறுபடியும் ஒரு ஆள் மாத்தணும் அதுக்கு. என் கணக்கு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். காலில் நீர் கோத்திருந்ததையும் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததையும் உள்ளே வந்தவுடனேயே பார்த்திருந்தேன். நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது என்பதும் அதே முதல் வாரத்துப் பாடம்தான். போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

அரை மணி நேரம் அவர் விலாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு பணியாளர்கள் இருவர் வந்து, "ஐயாவ புரட்டணும்" என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. நாய் தானாகவே இறங்கி, அறை மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வேளை அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்ப வேண்டிய முறை. திருப்பினார்கள். அவர் முனகினார். நாய் சத்தமே போடவில்லை. அவர் முகம் சுவரைப் பார்த்திருக்கும்போதே அதைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.