பச்சை மையில் ஒரு கையெழுத்து

அரசாங்கக் கம்ப்யூட்டர் வேலைக்கு என் மகள் மனு எழுதியிருந்தாள். சான்றிதழ் நகல்களில் அரசு அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். அவளுக்கு லீவு கிடைக்காததால் நான் கிளம்பினேன்.

அரசு டாக்டர் போட்டாலும் செல்லும் என்று சொல்லியிருந்தாள். ராயபுரம் ஆஸ்பத்திரியில் யாரிடம் கேட்பதென்று கூச்சம். சீட்டு வாங்கிக்கொண்டு நோயாளிகளோடு உட்கார்ந்துவிட்டேன். கடல்காற்றும் பினாயில் வாசனையும் கலந்து வந்தன. குளிர்ந்த அறையில் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் மிதந்துகொண்டே இருந்தது.

"ஒடம்புக்கு இன்னாக்கா?" என்றாள் பக்கத்திலிருந்த மீன்காரப் பெண்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா இங்க வந்து குந்திகினு கீற?"

உள்ளே டாக்டரம்மா, "என்ன பண்ணுது?" என்று கேட்டார். என் வாய் தானாக, "தலைவலிம்மா" என்றது. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து மீன்காரப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் முறை வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டரம்மா, இந்தக்காவுக்குத் தலவலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொண்ணு வேலைக்குக் கையெழுத்து வோணுமாம். கேக்க வெக்கமாம்!"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

ஈரப் பச்சையை மடிக்க எனக்கு மனம் வரவில்லை. தாள்களை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி போஸ்டாபீஸ் வரை நடந்தேன். எதிரே வந்தவர்கள் என்னவோ ஏதோவென்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.